விமானப் பொறியியல்: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

ஆசிரியருக்கு,

‘விமானப் பொறியியல்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு தொழில்களைக் குழப்புகிறோம். விமானத்தை வடிவமைப்பவருக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். விமானத்தைச் சோதித்து, திருத்தி, பறக்கலாம் என்று கையொப்பமிடுபவருக்கோ உரிமம் வேண்டும். பிள்ளைக்கு எது வேண்டும் என்று தீர்மானிக்காமல் இலட்சக்கணக்கில் பணம் கட்டாதீர்கள்.

உரிமத்தை நாடுவோர் முதலில் கேட்க வேண்டியது, அந்த நிறுவனத்துக்குப் பார்ட்-147 (விமானப் பராமரிப்புப் பயிற்சி நிறுவனங்களுக்கான விதி) அங்கீகாரம் உண்டா, எந்த உரிமப் பிரிவுக்கு என்பதைத்தான். ஐரோப்பிய விதிப்படி பி1.1 பிரிவின் (டர்பைன் எஞ்சின் விமானங்களுக்கானது) அங்கீகரிக்கப்பட்ட அடிப்படைப் பாடநெறி 2,400 மணித்தியாலம். அதை முடித்தவருக்கு 2 வருட வேலை அனுபவம் போதும். தொடர்புடைய பயிற்சி எதுவுமின்றிப் பரீட்சை மட்டும் எழுதியவருக்கு 5 வருடம். ஒவ்வொரு தாளிலும் 75 வீதம் எடுத்தால்தான் சித்தி. அனுபவமும் பாவனையிலுள்ள விமானங்களில் பெற்றதாக இருக்க வேண்டும். அதற்கு எங்கே அனுப்புவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வடிவமைப்புக்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் பட்டம் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு முதுமாணியில் துறை மாறலாம். அமெரிக்காதான் கனவு என்றால் ஒன்றை இப்போதே அறிந்திருங்கள்: ஆயுத ஏற்றுமதி விதிகளால், ரொக்கெட் நிறுவனங்களின் பெரும்பாலான வேலைகள் அந்நாட்டுப் பிரஜைகளுக்கும், அங்கே நிரந்தர வதிவிட உரிமையோ அகதி, புகலிட அந்தஸ்தோ பெற்றோருக்குமே.

தரம் 10 பிள்ளை, கையால் எறியும் ஒரு மாதிரி விமானத்தைச் செய்து இன்றைக்கே தொடங்கலாம். 5 மில்லிமீற்றர் ரெஜிபோமில் 60 சென்ரிமீற்றர் நீளம், 10 சென்ரிமீற்றர் அகலத்தில் இறக்கை. 45 சென்ரிமீற்றர் மூங்கில் குச்சியில் உடல். வாலுக்கு 20க்கு 6 சென்ரிமீற்றர் கிடைத்துண்டும் ஒரு நிலைக்குத்துத் துண்டும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 3 சென்ரிமீற்றரில் இரு விரல்களால் தாங்கினால் சமநிலையில் நிற்கும்வரை மூக்கில் களிமண் ஒட்டுங்கள். கடற்காற்று எழுமுன், காலையிலேயே கிடையாக எறிய வேண்டும். மூக்கு மேலெழுந்து, தயங்கி, தொப்பென்று விழுந்தால் வால் பாரம்: இறக்கை காற்றுக்கு மிகவும் சரிந்து நிற்க, மேற்பரப்பில் காற்றோட்டம் பிரிந்து உயர்த்துவிசை போய்விடுகிறது. களிமண்ணைக் கொஞ்சம் கூட்டுங்கள். மூக்குக் குத்தி இறங்கினால் குறையுங்கள். களிமண் எத்தனை கிராம், தாங்கிய இடத்திலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் தள்ளி என்று ஒவ்வொரு எறிதலையும் குறித்துவைத்தால், இணைந்த கணிதத்தில் விசையின் திருப்பம் என்ற பாடம் வரும்போது அந்தக் கொப்பியை எடுக்கலாம்.

விமானப் பொறியியலாளர்கள் சிலர்,
களுவாஞ்சிகுடி