சின்ன இடிதானே என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்து இழப்பீடு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, உயிரிழப்பையும் பெரிய காயங்களையும் விரிவாகச் சொன்னது. சிக்னலில் நிற்கும் காரைப் பின்னால் வரும் வண்டி இடிப்பது போன்ற சின்ன மோதல்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மதுரையில் வக்கீல் குமாஸ்தாவாகப் பல வருடம் விபத்து வழக்குக் கட்டுகளைப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

இந்த மாதிரி மோதலில் இறங்கிப் பார்ப்பார்கள், நசுங்கிய பம்பரைப் போட்டோ எடுப்பார்கள், கொஞ்சம் சத்தம் போடுவார்கள். அப்புறம் "உங்க வண்டிய நீங்க பாத்துக்கங்க" என்று கிளம்பிவிடுவார்கள். காரைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வருவார். மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்திருக்கிறவர் கையில் ஒரு சீட்டும் இருக்காது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியும். தசைப்பிடிப்பும் தசைநார்ச் சுளுக்கும் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்று இருந்தாலே காயமே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

அதனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், பதிய வைக்க வேண்டும். எப்போது, எங்கே, எந்த வண்டி இடித்தது, எங்கே வலிக்கிறது என்று டூட்டி டாக்டர் அதில் எழுதுவார். வலியில் "விழுந்துட்டேன்" என்று ஒருவர் முனகினால் "தானாகக் கீழே விழுந்ததாக" என்று பதிவாகிவிடும். வருடக்கணக்கில் கழித்து நடக்கும் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அந்த வரியில் இருந்துதான் வரும். இடித்த வண்டியின் எண்ணைச் சொல்லுங்கள், என்ன எழுதினார் என்று கேளுங்கள். வலி மறுநாள்தான் வந்ததா? சரி, மறுநாளே போய் "நேற்று இடித்தது, இன்றைக்கு வலிக்கிறது" என்று உள்ளபடி சொல்லுங்கள். தேவையில்லாமல் கழுத்துப் பட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வருகிறவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. அவர்களால்தான் நிஜமாகவே வலிக்கிறவரும் சந்தேகப்படப்படுகிறார்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் வழி சொல்லியிருக்கிறது. சாதாரணக் காயம் என்றால் வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், வலி வேதனைக்கான தொகை, இவ்வளவுதான். எதிர்கால வருமான இழப்பு கேட்க நிரந்தர ஊனம் இருக்க வேண்டும், அதற்கு மருத்துவச் சாட்சியமும் வேண்டும். ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக வைக்கவும் கூடாது. இடது கை போனால் தச்சருக்குப் பிழைப்பே போகும், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமலும் இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே விளக்குகிறது.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், வருமானத்துக்குக் காகிதம் இல்லாதபோதும் உச்ச நீதிமன்றம் மாதம் 6,500 ரூபாய் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் மருந்துக்கடை பில்லில் நோயாளியின் பெயர் இருக்கட்டும். பிசியோதெரபிக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ரசீது வாங்குங்கள். பெயரில்லாத பில்கள் கழிக்கப்படுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, காலக்கெடு. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்றாலும் அந்த வழக்கை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்றில்லை, நாம் குடியிருக்கும் பகுதியின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளில், விபத்தில் வந்தவர்கள் ஏ.ஆர். பதிவைக் கேட்கலாம் என்று தமிழில் ஒரு பலகை வைக்கச் சுகாதாரத்துறை உத்தரவிட வேண்டும். தங்கள் நாளிதழும் இதை வலியுறுத்தி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
மதுரை