செவந்திக்குத் துணை நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் கோவையில் நாய்களுக்காக நடந்த ஒபீடியன்ஸ் (சொல்பேச்சு கேட்கும்) போட்டியில் எங்கள் செவந்தி முதல் நிலையில் தேறிவிட்டாள். லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் டாபர்மேனும் நின்ற களத்தில் நாட்டு நாய் அவள் ஒருத்திதான். நான்கு வயதுச் செவலை, சிப்பிப்பாறை இனம். சான்றிதழில் அவள் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. அதில் இடம்பெறாதவர்களுக்காக இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி கோவில்பட்டித் தாத்தாவுக்கு. நாயைக் காசுக்கு விற்கிற பழக்கம் உங்கள் வீட்டில் இல்லை என்று சொல்லி, ஒரு வேட்டியும் வெற்றிலை பாக்கும் மட்டும் வாங்கிக்கொண்டு பொட்டைக்குட்டியை என் கையில் கொடுத்தீர்கள். அன்று நீங்கள் சொன்னதை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "இது மோந்து ஓடுற சாதி இல்ல தாயி, பாத்து ஓடுற சாதி. கண்ணுல ஒண்ணு பட்டுட்டா காது அடைச்சுக்கும். அடிச்சு மாத்த முடியாது. அது கண்ண உன் பக்கம் திருப்பக் கத்துக்கோ." முயல் வேட்டை சட்டப்படி குற்றம் ஆகிப் பல காலம் ஆயிற்று, இந்த நாய்களுக்கு இனி என்ன வேலை என்று அன்று நீங்கள் கவலைப்பட்டதும் நினைவிருக்கிறது. அந்தக் கவலைதான் என்னைப் போட்டி வரைக்கும் கொண்டுபோனது.

ஒரு பயிற்சி மையத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. "நாட்டு நாய்க்கு ஓடத்தான் தெரியும், மூளை கிடையாது. லேப் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். அன்று ஆட்டோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். நான் அழுதுகொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு கிடைத்தவர்தான் மைதானத்து ஐயா. காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஐயா, "இந்தச் சாதிய நான் பழக்குனதில்லம்மா, மொதல்ல ஒரு வாரம் பாக்குறேன்" என்றீர்கள் பாருங்கள், அந்த நேர்மைக்கே என் முதல் கும்பிடு. ஒரு வாரம் கல்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "இவ புரியாம நிக்கல. சலிச்சுப்போய் நிக்கிறா." லேப்ரடார் ஒரே வேலையை இருபது தடவை சந்தோஷமாகச் செய்யும். இவள் மூன்றாவது தடவையே "அதான் செஞ்சேனே" என்பதுபோல் வேறு பக்கம் பார்ப்பாள். அன்றிலிருந்து ஒரு பயிற்சிக்கு இரண்டே நிமிடம். அவளுக்கு ஆசை மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்றீர்கள்.

சாக்கு விஷயத்தை எப்படி மறப்பேன்? "உட்கார்" என்றால் செவந்தி இடுப்பைப் பாதி இறக்கி அந்தரத்திலேயே நிற்பாள். பார்க்கிறவர்களுக்கெல்லாம் அது திமிராகத் தெரிந்தது. எனக்கும்கூட. நீங்கள்தான் மண்டியிட்டு அவள் பின்தொடையைத் தடவிப் பார்த்தீர்கள். ஓட்டத்துக்கென்றே இறுகிய தசை, அதன்மேல் காகிதம் மாதிரித் தோல், இடையில் கொழுப்பே இல்லை. கட்டாந்தரையில் உட்கார்ந்தால் அவளுக்கு எலும்பு உறுத்துகிறது! மறுநாள் ஒரு சணல் சாக்கை நான்காக மடித்துக் கொண்டுவந்து போட்டீர்கள். உடனே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாரத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்து, சாக்கு ஒற்றையாகி, பிறகு கைக்குட்டை அளவாகி, கடைசியில் வெறும் புல். சொன்னால் கேட்காத நாய் என்று ஊர் சொன்னதை, வலிக்கிறது என்று அவள் சொல்வதாக நீங்கள் கேட்டீர்கள்.

கழுத்துப்பட்டை செய்து கொடுத்த அண்ணனுக்கு நன்றி. இந்த நாய்களுக்குத் தலை கழுத்தைவிட ஒடுக்கம். கடையில் வாங்கும் பட்டை பின்பக்கமாக இழுத்தால் கழன்று வந்துவிடும். பழங்காநத்தத்தில் ஒருநாள் அப்படித்தான் கழன்று, பஸ்களுக்கு நடுவில் ஓடினாள். செருப்புக் கடையை மூடிக்கொண்டிருந்த நீங்கள் அதைப் பார்த்து, இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் வெட்டி, இழுத்தால் இறுகி விட்டால் தளரும்படி ஒரு வளையம் கோத்துக் கொடுத்தீர்கள். இன்றும் அவள் கழுத்தில் அதுதான்.

முள்கம்பியில் கிழிந்த தோளைத் தைத்த டாக்டரம்மாவுக்கும் நன்றி. கொழுப்பில்லாத உடம்பு, மயக்கம் தெளிய நேரம் எடுக்கலாம் என்று மருந்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்து, அவள் எழுந்து வால் ஆட்டும்வரை சாப்பிடப் போகாமல் இருந்தீர்கள்.

ஆடு மேய்க்கும் அக்காவுக்கு நான் பட்ட கடன் பெரிது. "வா" என்றால் வர வேண்டும், அதுவும் கண்ணுக்கு முன் ஏதாவது ஓடும்போது. இதை வீட்டு மாடியிலா பழக்க முடியும்? உங்கள் ஆடுகளுக்குப் பக்கத்தில் முப்பது அடிக் கயிற்றோடு அவளை நிறுத்த அனுமதித்தீர்கள். கூப்பிட்டு அவள் திரும்பி வந்தால் ஈரல் துண்டு கிடையாது. கம்பில் கட்டிய பழந்துணியைச் சுழற்றி, அதை விரட்டி ஓட விடுவேன். அவளுக்கு ஓட்டம்தான் கூலி. எட்டு மாதம் கழித்து, கயிறில்லாத ஒருநாள், உங்கள் வெள்ளைக்குட்டி துள்ளி ஓட, செவந்தியும் பாய்ந்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது. நீங்கள்தான் "கூப்பிடு புள்ள!" என்று கத்தினீர்கள். கூப்பிட்டேன். பாதி ஓட்டத்தில் புழுதி பறக்கத் திரும்பி வந்தாள். அன்று நாம் இருவரும் கட்டிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாத அம்மா, அவளுக்காகத் தனிச் சட்டியில் ஈரல் அவித்தாள். தபால் நிலையத்து மாமா 2005 ஜனவரியில் வந்த நாட்டு நாய்த் தபால்தலைத் தொகுப்பைப் பரிசாகத் தந்தார். அதில் ராஜபாளையம் இருக்கிறது, சிப்பிப்பாறை இல்லை. "அடுத்ததுல வரும்" என்றார். கோவையில் வெயிலில் நின்ற எங்களைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்ட லேப்ரடார்க்காரத் தங்கைக்கும் நன்றி.

போட்டியன்று நடந்ததை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கடைசிச் சோதனை, படுத்த இடத்தில் மூன்று நிமிடம் அசையாமல் இருப்பது. இரண்டாவது நிமிடத்தில் காற்றில் ஒரு கேரிபேக் உருண்டு அவளுக்கு முன்னாலேயே போனது. காது விறைத்தது. முன்னங்கால் தசை துடித்ததை எதிர்ப்பக்கம் நின்ற நானே பார்த்தேன். கண் அந்தப் பையோடு போனது, வேலி வரைக்கும் போனது. பிறகு மெதுவாகத் திரும்பி என்மேல் வந்து நின்றது. நேரம் முடிந்தது என்று நடுவர் கைகாட்டும்வரை அந்தக் கண் நகரவில்லை.

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு, குட்டி கேட்பவர்கள் அதிகமானார்கள். சென்னை சைதாப்பேட்டையில் அரசே இந்த இனங்களில் சிலவற்றை வளர்த்துத் தந்ததும் உண்டு. குட்டி வாங்குவது எளிது. பழக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருக்கிறோம், நாட்டு நாய் வைத்திருப்பவர்கள் தயங்காமல் கூட்டிவாருங்கள். சாக்கு நான் கொண்டுவருகிறேன்.

தாத்தா, சான்றிதழை ஒரு நகல் எடுத்து லேமினேட் போட்டு வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் வருகிறோம். அவளைப் பெற்றவள் இன்னும் உங்கள் தொழுவில்தான் படுத்திருக்கிறாள் என்று சொன்னீர்கள். கண் மங்கிவிட்டதாமே. பரவாயில்லை, மகள் வாசம் தெரியாமலா போகும்?

அன்புடன்,
செவந்தியும் செவந்தி வீட்டாரும்
மதுரை