புகார்: ‘ஹார்டு அனோடைஸ்டு’ என்று விற்ற கேம்பிங் பாத்திரத்தில் பூச்சு உரிந்தது

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
கேம்பிங் சாதன விற்பனை நிறுவனம்.

பொருள்: பாத்திர செட்டுக்கான முழுப் பணத்தையும் திரும்பக் கேட்டல்.

ஐயா / அம்மா,

கடந்த நவம்பரில் உங்கள் இணையதளத்தில் ₹3,499 கொடுத்து, இரண்டு பேருக்கான கேம்பிங் சமையல் செட் ஒன்று வாங்கினேன். ஒன்றரை லிட்டர் பாத்திரம், வாணலியாகவும் பயன்படும் மூடி, மடக்கு பர்னர், மடக்கு ஸ்டீல் கரண்டி, 230 கிராம் கேஸ் கேன் எல்லாம் அதில் அடக்கம். டிசம்பர் கடைசியில் கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் பக்கம், அனுமதி பெற்ற ஒரு தனியார் தோட்டத்தில் கூடாரம் போட்டிருந்தோம். அங்கே பொங்கிய சோற்றில் கறுப்புச் செதில்கள் கலந்து வந்தன. சோற்றைக் கொட்டிவிட்டு, இருந்த ரொட்டியைத் தின்று படுத்தோம்.

உங்கள் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ‘ஹார்டு அனோடைஸ்டு’ என்ற பெயர். அதை நம்பித்தான் வாங்கினேன். வெறும் அலுமினியத்தில் புளியும் தக்காளியும் ஆகாது. எவர்சில்வர் கனம், அதோடு சின்ன பர்னரின் தீ ஒரே இடத்தில் படுவதால் நடுவில் பிடித்துக்கொள்ளும். நான்ஸ்டிக்கோ முதுகுப்பைக்குள் உரசி உரசியே வீணாகிவிடும். அனோடைஸ் செய்தது அப்படியல்ல. அமிலக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேற்பரப்பையே கெட்டியான ஆக்சைடாக மாற்றுகிறார்கள். உலோகத்தோடு உலோகமாக வளர்ந்த அந்த அடுக்கு நாளடைவில் தேயலாம், கீறல் விழலாம். செதில் செதிலாக உரிந்து சோற்றில் விழாது. இங்கே உரிந்து விழுந்திருக்கிறது. அப்படியானால் உள்ளே இருப்பது தனியாகப் பூசிய நான்ஸ்டிக். வெளிப்பக்கம் வேண்டுமானால் நீங்கள் சொன்னபடி இருக்கலாம். உள்பக்கம் என்ன என்பதை இணையப் பக்கத்திலும் சொல்லவில்லை, பெட்டியிலும் அச்சிடவில்லை.

உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு முதலில் அனுப்பிய பதில், “அதிகச் சூடு காட்டியிருக்கிறீர்கள்” என்பது. அந்தப் பாத்திரத்தில் சோறும் தேநீரும் தவிர எதுவும் செய்யவில்லை. தாளிக்க வீட்டிலிருந்தே இரும்புக் கரண்டி கொண்டுபோயிருந்தோம். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் உள்பக்கம் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. நான்ஸ்டிக் பூச்சு கெடத் தொடங்குவது சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல். சோறு வேக வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது உண்மைதான். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி மெதுவாகத்தான் வேகும். மலைக்குப் போகிறவர்களுக்குப் பாத்திரம் விற்கும் கம்பெனிக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

அப்புறம் காரணம் மாறியது. “உலோகக் கரண்டி பயன்படுத்தியதால் உத்தரவாதம் பொருந்தாது” என்றார்கள். அந்த ஸ்டீல் கரண்டி உங்கள் பெட்டிக்குள் இருந்து வந்தது! மரக்கரண்டி ஒன்றையோ, உலோகம் படக்கூடாது என்ற எச்சரிக்கையையோ அதோடு வைத்திருக்கவில்லை.

கரண்டியைவிடப் பெரிய குறை நீங்கள் அடுக்கச் சொல்லும் முறையில் இருக்கிறது. பெட்டியின் மேல் உள்ள படத்தில் கேஸ் கேனைப் பாத்திரத்துக்குள் நிறுத்தி, பக்கத்து இடுக்கில் பர்னரைச் செருகி, மூடியைப் போட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு துணிகூட இல்லை. பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அதன்பின் நடந்து போய்ச் சேரும்வரை கேனின் தகர விளிம்பும் பர்னரின் கால்களும் அந்தப் பூச்சைச் சுரண்டிக்கொண்டே வந்திருக்கின்றன. இணைத்துள்ள படங்களைப் பாருங்கள். பாத்திரத்தின் அடியில் பூச்சு வட்டமாக உரிந்திருக்கிறது. அந்த வட்டத்தின் மேல் கேனை வைத்தால் அச்சாகப் பொருந்துகிறது. இதைத் தவறான பயன்பாடு என்கிறீர்கள். அந்தப் பயன்பாட்டைப் படம் போட்டுக் காட்டியதே நீங்கள்தானே?

பராமரிப்புத் தாள் இன்னொரு கூத்து. டிஷ்வாஷரில் போடலாமாம், விறகுத் தீயில் நேரடியாக வைக்கலாமாம். டிஷ்வாஷர் பொடி கடுமையான காரம், அனோடைஸ் அடுக்கை அரித்துவிடும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் காரம் காரம்தான். நம் ஊரில் விற்கும் பொருளுக்கு அந்த எச்சரிக்கை ஒரு வரியாவது வேண்டும். விறகுத் தீயின் சூடு நான்ஸ்டிக் தாங்கும் அளவுக்கு மிக மேலே போகும், பூச்சு சிதைந்து புகையும். தண்ணீர் சுண்டிய பாத்திரத்தோடு யாராவது உங்கள் தாளை நம்பிக் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கேஸ் கேன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘எல்லாப் பருவத்துக்கும்’ என்று விளம்பரம், கேனின் அடியில் பொடி எழுத்தில் ‘100% பியூட்டேன்’. பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி, அதற்குக் கீழே குளிர்ந்தால் அது வாயுவாக வெளியே வராது. வாயு வெளியேற வெளியேறக் கேனும் குளிர்வதால், வெளியே ஐந்தாறு டிகிரி இருக்கும்போதே தீ சுருங்கிவிடுகிறது. அதைவிடக் குளிரிலும் வாயுவாகும் புரொப்பேன் அல்லது ஐசோபியூட்டேன் கலந்த கேன்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. சோறு இறங்க நேரமானதில் இதற்கும் பங்கு உண்டு.

கடைசியாக நீங்கள் அனுப்பியது அடுத்த கொள்முதலுக்கான 10% தள்ளுபடிக் கூப்பன். வேண்டாம்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ₹3,499 முழுவதும், பொருளைத் திருப்பி அனுப்பும் செலவும் என் கணக்குக்கு வர வேண்டும். பாத்திரத்தின் உள்பூச்சு என்ன என்பதை இணையப் பக்கத்தில் தெளிவாகப் போடுங்கள். பெட்டிப் படத்தையும் பராமரிப்புத் தாளையும் திருத்துங்கள். ஸ்டீல் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டியும், உள்ளே விரிக்க ஒரு துணியும் வைத்தால் உங்களுக்கு என்ன பெரிய செலவாகிவிடும்?

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது உங்கள் கடமை. என் முதல் புகாருக்கு அந்த ஒரு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. உரிந்த பாத்திரத்தை, கரண்டியோடும் பெட்டியோடும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இணைப்பு: பில் நகல், பாத்திரம், கேன், பெட்டி ஆகியவற்றின் படங்கள், இதுவரை வந்த உங்கள் பதில்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.