நீ சொல்லித் தந்ததை உனக்கே எழுதுகிறேன்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகளுக்கு,

செவ்வாய் இரவு நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்ட பிறகு, விடிவதற்குள் நான் உனக்கு ஐந்து தடவை அழைப்பு எடுத்தேன். ஐந்தாவது தடவை உன் குரலில் இருந்த களைப்பைக் கேட்டபோதுதான், உன்னுடைய பதற்றத்தின் மேல் என்னுடையதையும் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது. ஆகவே தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் கையால் எழுதுகிறேன். கடிதத்துக்கு உடனே பதில் வராது என்பது எனக்கும் நல்லதுதான்.

வேலைக்குப் போய்ச் சேர்ந்தும் காரை விட்டு இறங்க முடியாமல் இருபது நிமிடம் இருந்தாய் என்றும், விரல்கள் விறைத்து, நெஞ்சு இடித்து, செத்துவிடுவேன் என்றே நினைத்தாய் என்றும், உள்ளே உனக்காகக் காத்திருந்தவரே அதே பதகளிப்புக்காக உன்னிடம் உளவியல் ஆலோசனைக்கு வருபவர் என்றும் சொன்னாய். அதற்குப் பிறகு கேட்டாயே, “மற்றவர்களுக்கு வழி சொல்லுகிற எனக்கே இது வந்தால், யார் அம்மா என்னிடம் வருவார்கள்?” என்று, அந்தக் கேள்வியைத்தான் நான்கு நாட்களாக மனதுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

புறக்கோட்டைப் பாமசியில் 28 வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். இருதய வைத்தியர் ஒருவர் தன் இரத்த அழுத்தத்துக்கு மாதந்தோறும் எங்களிடமே குளிசை வாங்கினார். வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகப் பெயர் சொல்லித்தான் கேட்பார். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. ஆனால் மனதுக்கான மருந்து என்றால், எழுதிக் கொடுக்கும் வைத்தியர்களே தங்களுக்கென்று வரும்போது கடை பூட்டுகிற நேரம் பார்த்து வருவார்கள், அல்லது சாரதியிடம் துண்டை மடித்துக் கொடுத்து அனுப்புவார்கள். நோயாளியிடம் “இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை” என்று பகல் முழுவதும் சொல்லுகிறவர்கள், அந்த வார்த்தையைத் தங்களுக்கென்று ஒரு சொட்டும் மிச்சம் வைத்துக்கொள்வதில்லை. பயத்தில் சுரக்கிற அதிரினலின் உன் பட்டச் சான்றிதழை வாசித்துப் பார்த்துவிட்டு இரத்தத்தில் கலப்பதில்லை, பிள்ளை. மூச்சு அளவுக்கு மேல் வேகமாகப் போனால் காபனீரொட்சைட்டு குறையும், மூளைக்குப் போகும் குருதிக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், விரல் விறைக்கும். உளவியல் படித்தவளுக்கும் கீரைக்கடை வைத்திருப்பவளுக்கும் அது ஒன்றுதான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தவள் நீ.

எனக்கும் இப்படிப் பயம் பிடித்திருந்த கதையை முழுதாக உனக்கு நான் சொன்னதில்லை. 1996 யூலை 24ஆம் திகதி மாலை தெஹிவளையில் புகையிரதத்தில் குண்டுகள் வெடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதற்கு முந்திய ரயிலில் வந்து வெள்ளவத்தையில் இறங்கி, வீட்டில் உனக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆயினும் மறுநாளில் இருந்து என்னால் ரயிலில் ஏற முடியவில்லை. 100ஆம் இலக்க பஸ்ஸில் போகத் தொடங்கினேன். சில மாதத்தில் இருக்கைக்குக் கீழே யாருடைய பையைக் கண்டாலும் இறங்கி நடக்கிறவளானேன். பிறகு ஓட்டோவில் போனேன், சம்பளத்தில் பாதி அதற்கே கரைந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது கை நடுங்கினால், ஏன் நடுங்குகிறது என்று கேட்பார்கள். கேட்டதும் இன்னும் நடுங்கும். அந்தக் காலத்தில் அது வெறும் நோய் என்று சொல்ல மாட்டேன். ஆபத்து உண்மையாகவே இருந்தது, பயந்தவர்கள் மடையர்கள் அல்லர்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, காலி வீதிச் சாவடிகளில் கெடுபிடி குறைந்து, பக்கத்து வீட்டார் எல்லோரும் ரயிலில் போய்வந்துகொண்டிருந்த பிறகும் நான் ஓட்டோவுக்குத்தான் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கே சந்தேகம் வந்தது. ஏறாமல் விட்ட ஒவ்வொரு நாளும் “நல்ல வேளை, ஏறவில்லை” என்று மனம் ஆறுதல் அடைந்தது. அந்த ஆறுதலைத் தின்றுதான் பயம் ஆறு வருடம் கொழுத்தது. ஒரு சனிக்கிழமை உன் கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளவத்தையில் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்கினேன். மஜெஸ்ரிக் சிற்றியில் ஐஸ்கிறீம் வாங்கித் தரத்தான் கூட்டிப் போனேன் என்று நீ இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கக் கூடும். ஒரே ஒரு தரிப்பு. கடல் பக்கம் பார்க்கவேயில்லை, என் சேலைத் தலைப்பு வியர்வையில் நனைந்திருந்தது. நான்கு சனிக்கிழமை அப்படி. பிறகு கொள்ளுப்பிட்டி வரைக்கும், பிறகு நீ இல்லாமல் தனியே, ஆறேழு மாதம் கழித்துக் கோட்டை வரைக்கும். பயம் தீர்ந்த பிறகு ஏறலாம் என்று காத்திருந்திருந்தால் இன்றைக்கும் ஓட்டோவில்தான் போய்க்கொண்டிருப்பேன். பின்னர் நீ பல்கலைக்கழக விடுமுறையில் வந்து, பயப்படுகிற இடத்துக்குப் படிப்படியாகப் போய்ப் பழகுவதும் ஒரு சிகிச்சை முறைதான் என்று விளக்கியபோது, பெயர் தெரியாமல் சமைத்த கறிக்கு யாரோ பெயர் சொன்னதுபோல இருந்தது.

நீ இப்போது அந்தக் கார் தரிப்பிடத்தை மாற்றிவிட்டதாகவும், காலையில் வருகிற முதல் ஆளைப் பத்து மணிக்குப் பின் போட்டுவிட்டதாகவும் சொன்னாய். அது என் 100ஆம் இலக்க பஸ். ஓட்டோ வரைக்கும் போக வேண்டாம்.

சிட்னியில் நீ செய்கிற வேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாளில் ஆறு பேர், அதில் பாதிப் பேர் போர் நடந்த வன்னியில் இருந்து வந்தவர்கள், தமிழில் அழுகிறவர்கள். ஆங்கிலத்தில் கேட்டால் குறிப்பேட்டோடு நின்றுவிடக்கூடிய ஒன்று, அம்மம்மாவின் மொழியில் கேட்கும்போது நேரே எலும்புக்குள் போகிறது. பிறர் துயரைக் கேட்டுக் கேட்டே கேட்பவருக்கும் மனவடு ஏற்படும் என்பதை 1990இலேயே மக்கான், பேர்ள்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டே, ஆட்கள் கூடிவிட்டார்கள் என்பதற்காக இரண்டு மாதமாக உன் மேற்பார்வையாளரைச் சந்திக்காமல் ஒத்திவைத்திருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது இந்த ஒரு விடயத்தில்தான். பாமசியில் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் ஆபத்தான மருந்துகளை இரண்டாவது ஆள் சரிபார்க்காமல் கொடுக்க மாட்டோம்; அவசரத்தைக் காரணம் சொல்லி அதை விட்டவர் எங்களிடம் நீடித்ததில்லை.

நீ இருக்கிற அதே சிட்னியில் கிளேர் வீக்ஸ் என்று ஒரு பெண் இருந்தார். 1903இல் பிறந்தவர், விலங்கியலில் கலாநிதி, பிறகு வைத்தியர். இருபதுகளில் அவருக்கு நெஞ்சு படபடப்பு விடாமல் வந்து, ஏதோ பெரிய வருத்தம் என்று ஒடுங்கிக் கிடந்தபோது, முதலாம் உலகப் போரில் இருந்து திரும்பிய நண்பர் ஒருவர், போர்முனையில் தங்களுக்கும் இப்படித்தான் அடித்தது, அது பயம் செய்கிற வேலை என்று சாதாரணமாகச் சொன்னாராம். அந்த ஒரு பேச்சில் இருந்து தொடங்கி, படபடப்போடு மல்லுக்கட்டாமல், அதை வரவிட்டு, அதன் மேல் மிதந்து, நேரம் போக விடுகிற முறையை அவர் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்திலும் தனக்கு அது இரவில் வருவதுண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அதற்காக அவரிடம் போகாமல் விட்டவர் யாரும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இனி மருந்துக்காரியாகச் சில வார்த்தை. முதலில் உன் தைரொயிட்டைப் பார்ப்பிக்க வேண்டும். அது கூடினாலும் இதே நடுக்கம், இதே படபடப்பு வரும், எங்கள் குடும்பத்தில் அது இருக்கிறது, உன் சின்னம்மாவைக் கேள். நாளுக்கு ஐந்து கோப்பை கோப்பி குடித்துவிட்டு நெஞ்சு இடிக்கிறது என்று சொல்லாதே. படபடப்பைக் குறைக்கப் புரப்பிரனலோல் எழுதித் தந்தால், சின்ன வயதில் உனக்கு ஆஸ்துமா இழுப்பு இருந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அது உனக்கு ஆகாது. டயஸிபாம் ஒரு குளிசையில் அமைதி தரும், அதுதான் அதில் உள்ள அபாயம். ஒரு வாரத்துக்கென்று வாங்கத் தொடங்கியவர்களுக்கு வருடக்கணக்கில் நான் அளந்து கொடுத்திருக்கிறேன். பதற்றத்துக்குத் தினமும் எடுக்கிற செர்ட்ரலின் போன்ற மருந்துகள் வேலை செய்யச் சில கிழமை எடுக்கும், தொடக்கத்தில் பதற்றம் கொஞ்சம் கூடவும் கூடும். அதைப் பார்த்துப் பயந்து நான்காம் நாள் நிறுத்துகிறவர்கள் அதிகம். இவை உனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் தனக்குத் தானே வைத்தியம் பார்க்கிறவர், மற்றவர்களிடம் கேட்கிற கேள்விகளில் பாதியைத் தன்னிடம் கேட்பதில்லை.

ஆகவே உன்னோடு வேலை செய்யாத, உன் பெயரைக் கேள்விப்படாத ஒருவரிடம் நோயாளியாகப் போய் உட்கார். அவர் ஏதாவது சொல்லும்போது “இது எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிடாதே. நீ சொல்லுவாய், எனக்குத் தெரியும், பத்து வயதிலேயே சொன்னவள்.

என் பங்குக்கு, “வீட்டுக்கு வந்துவிட்டாயா” என்று தினமும் அனுப்புகிற செய்தியை நிறுத்தப் பார்க்கிறேன். உன் பதில் வந்ததும் என் நெஞ்சு ஆறுகிறது, அடுத்த நாள் அதே நேரத்துக்கு முன்னிலும் மோசமாக அடிக்கிறது. ஓட்டோவில் போன காலத்து ஆறுதல்தான் இதுவும். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு ஞாயிறு மட்டும். முதல் கிழமை நான் தோற்றுப்போய் ஒரு செய்தி அனுப்பினால், பதில் போடாமல் இரு. அப்பா இதைக் கேட்டுச் சிரிக்கிறார், பந்தயமும் வைத்திருக்கிறார்.

வைத்தியரிடம் நாள் குறித்ததும் திகதியை மட்டும் எனக்கு எழுது. உள்ளே என்ன கதைத்தாய் என்று கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா