பினாங்கில் இருக்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பழியை மதுரை வெயில்மேல் போட்டுவிடுகிறேன். முட்டிவலி எப்படி இருக்கிறது? மகன் வீட்டில் பொழுதே போகவில்லை, படிக்க ஏதாவது சொல் என்று கேட்டிருந்தாய். நீ இருக்கும் ஊரையே நாவலுக்குள் கொண்டுவந்த ஆள் ஒருவர் இருக்கிறார். ப. சிங்காரம். பேச்சு வரும்போதெல்லாம் தலையாட்டுவாயே தவிர, நீ அவரைப் படித்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

சிங்கம்புணரிக்காரர். 1938-இல் இந்தோனேசியாவில் இருக்கும் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். யுத்தம் முடிந்ததும் 1946-இல் திரும்பி வந்து, இங்கே தினத்தந்தியில் சேர்ந்தார். ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் ஒண்டிக்கட்டையாகவே காலத்தை ஓட்டிவிட்டார். இரண்டே நாவல். ‘புயலிலே ஒரு தோணி’யை 1962-இல் எழுதி முடித்தார், புத்தகமானது 1972-இல்! இப்போது மேடைக்கு மேடை அவரைத் துறவி என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பத்து வருஷம் கையெழுத்துப் பிரதியைச் சீந்த ஆளில்லை என்றால் யார்தான் மூன்றாவதை எழுதுவான்?

நீ முதலில் ‘கடலுக்கு அப்பால்’ படி. செட்டியார் கிட்டங்கி, அதாவது வட்டிக்கடை நடந்த கட்டடம், அதில் அப்படியே இருக்கிறது. நீளக் கூடம், வரிசையாகப் பெட்டிகள், தரையில் உட்கார்ந்து கணக்கு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அவரவர்க்கு ஒரு படி. அந்தக் கடையை விட்டு நேதாஜி படைக்குப் போய்த் திரும்புகிறான் செல்லையா. நாமாக இருந்தால் மாலை போட்டு வரவேற்றிருப்போம். முதலாளிக்கோ ஒரே கணக்கு: துப்பாக்கி பிடித்தவன் இனி வட்டிக்கடைக்கு ஆகமாட்டான், கடைக்கு ஆகாதவனுக்கு மகளை எப்படிக் கொடுப்பது? அவரை வில்லனாக்காமல், அவர் பக்க நியாயத்தையும் நம்மை ஒத்துக்கொள்ள வைக்கிறார் பார், அங்கேதான் சிங்காரம் நிற்கிறார்.

அடுத்து ‘தோணி’. பாண்டியனும் மாணிக்கமும் குடித்துக்கொண்டே தமிழ்ப் பெருமையைக் கிழிக்கிற இடங்கள் கொஞ்சம் நீளம்தான், நானே சில பக்கங்களைத் தள்ளியிருக்கிறேன். ஆனால் அறுபதுகளில், மேடையெல்லாம் அடுக்குமொழி முழங்கிய காலத்தில், ஒருவர் இப்படி எழுதினார் என்பதை நினைத்துப் பார். தொங்கான் என்கிற பாய்மரச் சரக்குக் கப்பலில் கடல் கடக்கும்போது வரும் புயலை மட்டும் வாய்விட்டுப் படி. நானும் என் நாவலில் ஒரு புயல் எழுதிப் பார்த்தேன். வானிலை அறிக்கை மாதிரி வந்தது, அடித்துவிட்டேன்.

இரண்டு நாவலையும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் என் தங்கை மகள் அங்கே வருகிறாள், கொடுத்தனுப்புகிறேன். முட்டி இடம் கொடுத்தால் பினாங் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு நடை போய், பழைய கிட்டங்கி ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்த்துச் சொல். மகனைப் படம் எடுக்கச் சொல்லு, நீ எடுத்தால் கட்டைவிரல்தான் தெரியும்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்