நோயாளியின் துணைவருக்கும் ஒரு வேலை இருக்கிறது

மதிப்பிற்குரிய நிறுவன உரிமையாளர்களுக்கும் மனிதவளத் துறைப் பொறுப்பாளர்களுக்கும், வணக்கம்.

ஊழியர் ஒருவருக்குப் புற்றுநோயோ பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ வந்தால், மருத்துவ விடுப்பு, காப்பீடு, பணிக்குத் திரும்பும் நாள் என உங்களிடம் ஏதேனும் ஒரு நடைமுறை இருக்கும். ஆனால் அவருடைய கணவரோ மனைவியோ வேறோர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார் என்பதும், அந்த நோய் அவருடைய வேலையையும் சேர்த்தே பிடித்து ஆட்டுகிறது என்பதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அந்த இரண்டாவது வேலையைக் காப்பாற்றித் தாருங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒருவரின் சம்பளம் குறையும்போதோ நிற்கும்போதோதான் வீட்டுச் செலவு ஏறுகிறது. மருத்துவக் காப்பீடும் பல குடும்பங்களில் மற்றவரின் வேலையோடு கட்டுண்டிருக்கிறது. எனவே, நோயாளியின் அருகில் இருக்க வேண்டிய அதே ஆள்தான் ஒரு நாள் சம்பளத்தையும் இழக்க முடியாதவராகிறார். கூடுதல் நேரம் உழைப்பவர்களும் உண்டு. பதவி உயர்வையும் இடமாற்றத்தையும் காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டு, லட்சியமில்லாதவர் என்ற பெயரைச் சுமப்பவர்களும் உண்டு.

இவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் நீண்ட விடுப்பு அன்று. மையத்துக்குச் சென்று செய்துகொள்ளும் டயாலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் சில வாரங்கள் நீளும். கருவியின் கீழ் படுத்திருப்பது சில நிமிடங்களே என்றாலும் போய்வரவும் காத்திருக்கவும் அரை நாள் போய்விடும். கீமோதெரபி பல நேரங்களில் 2 அல்லது 3 வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது. உடல் மிகவும் துவண்டுபோவது பெரும்பாலும் அதற்கடுத்த சில நாட்களில்தான். இவற்றில் பெரும்பகுதி முன்கூட்டியே தெரிந்த அட்டவணை. என் கணவரின் டயாலிசிஸ் நாட்களில், வெளியே வராந்தா நாற்காலியில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இயந்திரம் ஒலியெழுப்பும் போதெல்லாம் கண்ணாடிக் கதவை எட்டிப் பார்த்தபடியே கணக்குகளை முடித்து அனுப்பியிருக்கிறேன். நல்லெண்ணத்தோடுதான் மேலாளர் என்னை நீண்ட விடுப்பில் போகச் சொன்னார். எனக்கு வேண்டியிருந்ததோ, குறிப்பிட்ட நாட்களில் மதியத்துக்குமேல் விடுபடும் அனுமதி மட்டுமே.

குடும்பப் பொறுப்பு என்பதே வேலைநீக்கத்துக்குக் காரணமாகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 156ஆம் உடன்படிக்கை 1981லேயே சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை, பராமரிப்பாளருக்கு ஆண்டுக்கு 5 வேலை நாள் விடுப்பை உரிமையாக்கியது. வரவேற்கத்தக்கதுதான், ஆனால் நாள்தோறும் உடன்செல்ல வேண்டிய சிகிச்சையில் அந்த 5 நாளும் ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். மணிக்கணக்கில் எடுக்கக்கூடிய விடுப்பே இங்கு உதவும்.

சிகிச்சை முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று தயவுசெய்து முடிவுகட்டாதீர்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் களைப்பும் மனத்தை ஒருமுகப்படுத்துவதில் சிரமமும் மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. நோயுற்றவரைப் படிப்படியாக முழுநேர வேலைக்கு வர விடுங்கள். அவசரப்பட்டு வந்து மீண்டும் விழுந்தால், துணைவரின் வேலையும் மறுபடி ஆட்டம் காணும்.

ஆகவே, அடுத்த முறை விடுப்பு விதிகளைத் திருத்தும்போது, துணைவரின் சிகிச்சைக்காக மணிக்கணக்கு விடுப்பையும், சிகிச்சைக்காலத்தில் மாறாத பணிநேரத்தையும், கட்டாய இடமாற்றத்திலிருந்து விலக்கையும் எழுத்தில் சேருங்கள். மருத்துவமனை தரும் சிகிச்சை அட்டவணையே போதிய சான்றாகட்டும். நோயின் விவரம் ஒரே ஒரு பொறுப்பாளரைத் தாண்டிச் செல்ல வேண்டாம். அந்த மணிநேரங்கள் ஆண்டு மதிப்பீட்டில் குறையாக எழுதப்படாது என்பதையும் அதே விதியில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். அந்த உறுதி இல்லையென்றால், விடுப்பு இருந்தும் கேட்க எவரும் துணியமாட்டார்கள்.

இப்படிக்கு,
நோயுற்ற கணவரைப் பராமரித்தபடி வேலை பார்க்கும் ஓர் ஊழியர்