ஆற்றில் எண்ணெய் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு நின்றது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தோம். இரண்டு முறையும் கோடு மேலே வந்துவிட்டது.

என் அண்ணன் ஆற்றில் இறாலுக்கும் மடவைக்கும் வலை போடுகிறவர். அந்த டிசம்பரில் அவருடைய ஃபைபர் படகில் ஏறியது மீன் இல்லை, எண்ணெய். பிளாஸ்டிக் மக்கில் மொண்டு வாளியில் ஊற்ற வேண்டியது, வாளி நிறைந்ததும் டிரம்மில் கொட்ட வேண்டியது. முதலில் கையுறைகூட இல்லை. சாயங்காலம் திண்ணையில் உட்காரவைத்து, அம்மா அவர் கைகளில் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பழைய துணியால் துடைப்பார். சோப்புக்கு அது போகாது. பூம் என்கிற மிதக்கும் தடுப்பும் எண்ணெயை உறிஞ்சும் ஸ்கிம்மரும் எங்கள் ஆற்றுக்கு வந்து சேர்வதற்குள் எண்ணெய் கடல்வரை போய்விட்டது. அலையாத்திச் செடிகளின் வேரெல்லாம் தார் பூசியதுபோல ஆகிவிட்டது.

இது எங்களுக்கு முதல் தடவை என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கசியவே இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அப்புறம் எர்ணாவூர்க் கரையில் பாறைக்குப் பாறை கெட்டியாக எண்ணெய் ஒதுங்கியது. அன்றும் வாளிதான். கல்லூரிப் பிள்ளைகளும் மீனவர்களும் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிய படங்கள் உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கிட்டத்தட்ட ஏழு வருடம் கழித்தும் அதே வாளியை எங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

காரணம் என்ன என்று தேடிப் படித்தேன். கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்பதற்கு 1996 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. கடலோரக் காவல் படைதான் அதற்குப் பொறுப்பு. கரையைச் சுத்தம் செய்யும் வேலையை அந்தத் திட்டம் மாநிலத்திடம் விட்டிருக்கிறது. சரி, மாநிலம் அதை எந்தச் சட்டத்தின் கீழ் செய்யும்? எந்த அதிகாரி, எந்தப் பணத்தில், எத்தனை மணி நேரத்துக்குள்? இதற்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. அதிலும் 2023-இல் எண்ணெய் வந்தது கப்பலிலிருந்து இல்லை, நிலத்திலிருந்து. கால்வாயில் இறங்கி, ஆற்றுக்கு வந்து, அப்புறம்தான் கடலைத் தொட்டது. கடலுக்காகப் போட்ட திட்டம் ஆற்றங்கரையில் இருக்கிற எங்களுக்கு எப்படி உதவும்?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் செய்ததைச் சொல்கிறேன். 1990 பிப்ரவரியில் ஹன்டிங்டன் பீச் கரைக்கு அருகே ஒரு எண்ணெய்க் கப்பல் தன் நங்கூரத்தின் மேலேயே ஏறி ஓட்டையானது. அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணெய்க் கசிவைத் தடுக்கவும் சமாளிக்கவும் அந்த மாநிலம் தனிச் சட்டம் போட்டுவிட்டது. அதற்கென்றே ஓர் அலுவலகம் வைத்து, பொறுப்பை ஒரே அதிகாரியிடம் கொடுத்தது. எண்ணெய்க்குப் பீப்பாய்க் கணக்கில் கட்டணம் வாங்கி அந்த அலுவலகத்தை நடத்துகிறார்கள். எண்ணெய் கையாளுகிறவர்கள் அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும், நஷ்டம் ஈடுகட்டப் பணவசதி உண்டு என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒத்திகையும் நடக்கும். 2014-இல் இந்த ஏற்பாட்டைக் கடலோடு நிறுத்தாமல் ஆறு, ஏரி என்று உள்நாட்டு நீர்நிலைகளுக்கும் விரித்தார்கள். எங்களுக்கு வேண்டியது இதுதான்.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. கசிவு பற்றித் தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள், ஆபத்தில்லை என்று சுகாதார அலுவலகம் சொன்னாலொழிய, அந்த நீரில் மீன்பிடிப்பை நிறுத்திவிட வேண்டும். பிறகு மீனைச் சோதித்துத்தான் திறப்பார்கள். இங்கே மீன் தின்னத் தகுந்ததா என்று கூடை தூக்கும் எங்களிடம் எழுத்தில் யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. அம்மா கூடையோடு போனால், "எண்ணூர் மீனா? வேணாம்மா" என்று கதவைச் சாத்தினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் குழந்தைக்கு யோசிப்பேன். அரசு குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் கொடுத்தது, நன்றி. ஆனால் தொழில் இல்லாத நாளுக்கு இவ்வளவு என்று சட்டத்தில் எழுதியிருந்தால் நாங்கள் மறியல் செய்து கேட்க வேண்டியிருக்காது.

கப்பல் போக்குவரத்து ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது, மாநிலம் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்பார்கள். கால்வாயும் ஆறும் கரையும் மாநிலத்தின் கையில்தானே இருக்கின்றன? கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்த 1983-இலேயே சட்டம் போட்ட மாநிலம் இது. எந்தப் படகு எங்கே வலை போடலாம் என்று எங்களுக்கு விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு, எண்ணெய் வைத்திருப்பவர்களுக்கும் விதி எழுதத் தெரியும்.

சட்டமன்ற உறுப்பினர்கள் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். சட்டம் வர நாளாகலாம். அதற்கு முன், கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தில் ஒரு கொட்டகை போட்டு, நூறு இருநூறு மீட்டர் பூமும் கையுறைகளும் வைத்து, எங்கள் பையன்கள் பத்துப் பேருக்கு அதைக் கட்டிப் பழக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆற்றில் எண்ணெய் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அந்தக் கொட்டகைச் சுவரில் ஒரு போன் நம்பரை எழுதி வைக்கட்டும். இன்றைக்கு எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அந்த நம்பர் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எண்ணூர், சென்னை